சாட்சி கிடைக்காத சந்திரன்

தேதி போடாமல் நான் எதையும் எழுதியவன் அல்ல. பல் பிடுங்கிய நாள், குடை தொலைந்த நாள், அதே குடை பக்கத்து வீட்டு மாடத்தில் அகப்பட்ட நாள் எல்லாவற்றுக்கும் என் டைரியில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் என ஐந்தும் உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் மாதத்தோடும் கிழமையோடும் நிறுத்திக்கொள்கிறேன். திதி எழுதினால் அது தப்பு என்று ஒருவர் வீட்டிலிருந்து கடிதம் வரும். திருத்தி எழுதினால் இன்னொருவர் வீட்டிலிருந்து வரும். கிழமையைப் பொறுத்தவரை அந்த இரண்டு வீட்டாருக்கும் தகராறு கிடையாது.

ஊர்ப் பெயரையும் சொல்லப் போவதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கோயிலின் கட்டி முடியாத மொட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது என்றால் போதும். முப்பதுகளின் நடுப்பகுதி. ஆற்றுக்கு அக்கரையில் திருச்சியில் மின்சார விளக்கு வந்துவிட்டது. எங்கள் ஊருக்குக் கம்பம் நடுவதாகச் சொல்லி இருவர் வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். எங்கள் பஞ்சாயத்து போர்டுக்கு ஒரு பிரசிடெண்ட், ஐந்து மெம்பர்கள், ஒரு குமாஸ்தா. குமாஸ்தா நான். ஆபீஸ், தெருவில் திரிகிற மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டை ஒட்டிய ஒற்றை அறை. தீர்மானத்தை வாசிக்கும்போது மாடு கத்தினால் முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும் என்பது பிரசிடெண்டின் உத்தரவு. மழை நாளில் ஒரு தீர்மானத்தை நான்கு தடவை வாசித்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஆடி வெள்ளத்தில் எங்கள் ஊர் மதகு போயிற்று. சந்தையும் கூடவில்லை, அதனால் சந்தை வரியும் இல்லை. கையில் இருப்பதை வைத்து எந்த வேலையை முதலில் செய்வது, எதை இரண்டாவது செய்வது என்று வரிசை போட்டு அனுப்பும்படி திருச்சியிலிருந்து மேலதிகாரி எழுதினார். புரட்டாசியில் ஒரு புதன்கிழமை போர்டு கூடி வரிசை போட்டது. ஒவ்வொரு மெம்பரும் தம் வீட்டு வாசலுக்கு எதிரே இருப்பதைத்தான் முதல் என்றார். மதகு ஒருவருக்கு. கிணறு ஒருவருக்கு. கொசு முட்டையிடும் குட்டைகளில் எண்ணெய் ஊற்றுவது இன்னொருவருக்கு. மனம் நோகக் கூடாது என்று பிரசிடெண்ட் சொன்னதால், 1, 1-அ, 1-ஆ, 1-இ, 1-ஈ என்று எழுதி அனுப்பினேன். ‘இரண்டாவது எது?’ என்று கேட்டுக் காகிதம் திரும்பி வந்தது. ‘இரண்டாவது என்று ஏதும் இல்லை’ என்று பதில் போனது.

பிறகு வந்த கடிதத்தில் மரியாதை குறைவாக இருந்தது. ஏதாவது ஒரு செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

பிரசிடெண்ட் வாழைத் தோட்டக்காரர், சமாதானப் பிரியர். அரை மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். “தெரு விளக்கைக் குறைச்சுக்குவோம். மாசத்துல பாதி நாள் நிலா இருக்குது. சந்திரனுக்கு நாம சம்பளம் குடுக்கறதில்ல. அதோட, அது எல்லார் வீட்டு வாசல்லயும் சமமா அடிக்குது.”

இதுவரை நல்ல நிலவுள்ள எட்டு, பத்து நாள்தான் விளக்கு ஏற்றாமல் விடுவது வழக்கம். இனி வளர்பிறைப் பஞ்சமி முதல் தேய்பிறைப் பஞ்சமி வரை ஏற்ற வேண்டாம் என்று முடிவாயிற்று. தேய்பிறைப் பஞ்சமியில் ஊர் தூங்கிய பிறகுதானே நிலா வரும் என்று நான் மெல்லச் சொன்னேன். “வருதுல்ல?” என்றார் பிரசிடெண்ட்.

மறுநாள் வியாழக்கிழமை, விளக்கேற்றும் பாய் ஏணியோடு ஆபீஸுக்கு வந்தார். திருச்சிப் பழைய நகரத்துக்காரர். எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு எடுத்துக் குடும்பத்தோடு இருந்தார். ஏற்றுகிற இரவுக்கு மட்டும் கூலி. ஏற்றாத இரவுக்கு ஒன்றும் இல்லை.

“அப்ப மாசத்துல பாதி நாளு நான் என்னங்க பண்றது?” என்று பிரசிடெண்டைக் கேட்டார்.

“ரெஸ்ட் எடுத்துக்கங்க பாய்.”

“வயித்துக்கும் ரெஸ்ட்டுன்னு போர்டுல எழுதிட்டீங்களா?”

பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். அப்படி எழுதவில்லை என்று தலையாட்டினேன்.

“பாதிக் கூலில வாடகை கட்ட முடியாதுங்க. வையம்பட்டிக்கு மச்சான் வீட்டுக்குத்தான் போவணும். போன பக்ரீதுக்கு மூணு நாளு அங்க இருந்துட்டு வந்தேன். அந்த வீட்டுல ஆட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல. ஆட்டை ‘வா, வா’ன்னு கூப்புடுறாரு. என்னை ‘இந்தாப்பா’ங்கறாரு.”

“அல்லா பாத்துக்குவாருங்க” என்றார் பிரசிடெண்ட்.

ஐப்பசி மாதத்துக்கு விளக்கேற்ற வேண்டிய நாள்களின் பட்டியலைத் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. அந்தப் பட்டியல்தான் பாய் எங்கள் ஊரில் இருப்பாரா, வையம்பட்டியில் ஆட்டுக்கு அடுத்த இடத்தில் இருப்பாரா என்பதைத் தீர்மானிக்கும். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் பஞ்சாங்கத்தில் என் இஷ்டத்துக்குத் திதியைச் சேர்க்க முடியாது. உள்ளபடியே எழுதி, திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்தச் சொன்னார்கள். கத்தியது மாடு அல்ல.

மெம்பர்களில் இருவரை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் ஸ்ரீரங்கத்துக் கோயில் வட்டாரத்தில் பிறந்து, சம்ஸ்கிருத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வாக்கியப் பஞ்சாங்கம்தான் அவருக்குப் பிரமாணம். மற்றவர் பொன்மலை ரயில்வே பட்டறை ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதம்தான் சரி என்பார். வாக்கியக்காரர், கணிதக்காரர் என்றே ஊரில் பெயர். இரண்டு பஞ்சாங்கத்திலும் திதி சில நாழிகை முன்னே பின்னே இருக்கும். சில மாதங்களில் அது ஒரு நாளாகவே தெரியும். இவர்கள் இருவர் வீட்டிலும் ஏகாதசி வெவ்வேறு நாளில் வரும். ஒருவர் பட்டினி கிடக்கும் நாளில் மற்றவர் வாசலில் நின்று ஏப்பம் விடுவார்.

“பஞ்சமி வியாழக்கிழமைன்னு எந்தப் புஸ்தகத்துல பார்த்தீர்?” என்று கேட்டார் கணிதக்காரர்.

ஆபீஸில் இருந்த பஞ்சாங்கத்தைக் காட்டினேன். வாக்கியம்.

“அது சந்திரன் போன வருஷம் இருந்த இடம். வெள்ளிக்கிழமை போடும்.”

“ஓய்” என்றார் வாக்கியக்காரர், “ஆகாசத்துல இருக்கற சந்திரன் உம்ம லாகரிதம் புஸ்தகத்தைப் பார்த்துண்டா உதிக்கறான்?”

“பின்னே, உம்ம சுலோகத்தை மனப்பாடம் பண்ணிண்டா உதிக்கறான்?”

“ரிஷிகள் சொன்னது காணும்.”

“ரிஷிகள் தெரு விளக்குக்கா சொன்னா?”

இப்படி அன்று விளக்கு வைக்கிற நேரம் வரை போயிற்று. எந்தப் பஞ்சாங்கத்தை எடுத்தாலும் ஒருவர் ராஜினாமா செய்வதாகச் சொன்னார். கடைசியில் பிரசிடெண்ட், “பஞ்சாங்கமே வேணாங்க. தினம் சாயங்காலம் யாராவது ஒருத்தர் மானத்தைப் பார்த்து நிலா இருக்கா இல்லையான்னு சொல்லட்டும்” என்றார். எல்லோருக்கும் இது பிடித்தது. யார் பார்ப்பது என்பதில் மறுபடி சிக்கல். கணிதக்காரர் கண்ணை வாக்கியக்காரர் நம்பவில்லை. அவர் கண்ணை இவரும் நம்பவில்லை. பிரசிடெண்ட் தாம் எந்தக் கட்சிக்கும் சாய முடியாது என்றார். மற்ற மூன்று பேரில் இருவர் வாக்கியம், ஒருவர் கணிதம். எனக்கு ஆபீஸ் பஞ்சாங்கத்தின் தோஷம் ஒட்டியிருந்தது.

“ரெண்டு பஞ்சாங்கத்துலயும் சேராத ஆளா வேணும்” என்றார் பிரசிடெண்ட்.

அந்த நேரம் பாய் எண்ணெய் வாங்க வாசலில் வந்து நின்றார்.

“பாய், உங்களுக்கு என்ன பஞ்சாங்கம்?”

“எங்களுக்குப் பஞ்சாங்கம் ஏதுங்க. கண்ணால பிறை பார்த்தாத்தான் மாசம். பார்க்கலைன்னா இல்ல.”

வாக்கியக்காரரும் கணிதக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒரே சமயத்தில் தலையசைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். “பட்சபாதமில்லாத மனுஷன்” என்றார் வாக்கியக்காரர். “கண்ணால பார்த்துச் சொல்றவர்” என்றார் கணிதக்காரர். நிலா வந்தால் அன்றைக்குக் கூலி போகிற ஒரே மனிதர் அந்த ஊரில் அவர்தான் என்பது ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழாவது ஆளான எனக்கும் தோன்றவில்லை.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன். ‘தினமும் மாலை விளக்கேற்றும் பாய் தம் வழக்கப்படி பிறை பார்த்து, நிலவு காணப்பட்டால் விளக்கு ஏற்றாமலும், காணப்படாவிட்டால் ஏற்றியும் வரவேண்டியது.’ ‘வழக்கப்படி’ என்ற சொல்லை அவருக்காக வேண்டுமென்றே போட்டேன் என்று பிற்காலத்தில் சிலரிடம் பெருமையடித்திருக்கிறேன். டைரியைப் புரட்டினால் அப்படி ஒன்றும் இல்லை. வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று போட்ட சொல் அது.

ஐப்பசியில் அடை மழை. நிலா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் பத்து நாள் போயிற்று. தினமும் சாயங்காலம் பாய் வந்து சொல்வார். நான் புத்தகத்தில் ‘பிறை காணப்படவில்லை. விளக்கு ஏற்றப்பட்டது’ என்று எழுதுவேன். பதினோராவது நாள், சனிக்கிழமை, வானம் கழுவி விட்டது போல் ஆயிற்று. பவுண்டுக்கு நேர் மேலே பாதி நிலா. மாடுகள் உட்பட எல்லோருக்கும் தெரிந்தது.

பாய் முகம் வாடி வந்தார். “கிளார்க்கு சார், மேல பாருங்க.”

“பார்த்தேன் பாய். எழுதட்டுமா?”

“எழுதத்தான் வேணும். பொய் சொல்ல முடியாதுல்ல.” ஏணியைச் சுவரில் சாய்த்தார். பிறகு அவருக்கே ஏதோ நினைவு வந்தது. “ஆனா சார், எங்க வழக்கப்படின்னா ஒருத்தர் பார்த்தாப் போதாதுங்க. பெருநாள் பிறைக்கு நம்பிக்கையான ஆளு ரெண்டு பேரு சாட்சி சொல்லணும். நான் பார்க்கிறவன். சாட்சி வேற ஆளு. நீங்க சொல்லுவீங்களா?”

“எழுதுகிறவனே சாட்சி சொல்லக் கூடாது பாய்” என்றேன். சரித்திரப் புத்தகங்கள் நிறையப் படித்ததால் வந்த கொள்கை அது.

“அப்ப மெம்பருங்களையே கேட்டுட்டு வரேன்.”

நேர்மையாகத்தான் கிளம்பினார். முக்கால் மணி கழித்துத் திரும்பி வந்தபோது முகத்தில் வாட்டம் இல்லை.

“வாத்தியார் சாமியைக் கேட்டேன். ‘பார்த்தேனே, சப்தமிச் சந்திரன்’னாரு. சரின்னு ரயில்வே சாமிகிட்டப் போனேன். ‘சப்தமியா? இன்னிக்கு சஷ்டி. அவர் சொல்ற சந்திரனை நான் பார்க்கவே இல்லைன்னு எழுதச் சொல்லும்’னுட்டாரு. ரெண்டு பேரும் வேற வேற நிலா சொல்றாங்க சார். ஒரு நிலாவுக்கு ஒரு சாட்சிதான் தேறுது.”

யோசித்துப் பார்த்தேன். தீர்மானத்தின் சொற்படி அவர் சொன்னதில் குற்றம் இல்லை. ‘பிறை காணப்படவில்லை’ என்று எழுதினேன். நிலா வெளிச்சத்தில் பாய் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டு போனார்.

கார்த்திகை முழுவதும் இதே கதை. வானம் தெளிந்த நாளில் பாய் தவறாமல் இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டார். ஒரு தடவையும் இரண்டு சாட்சி ஒத்துப் போகவில்லை. இதைப் போர்டில் யாராவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. எரிகிற விளக்கைப் பார்த்ததும் வாக்கியக்காரருக்கு ஆனந்தம். “உம்ம கணிதப்படி இன்னிக்கு நிலா ஓய். விளக்கு எரியறதே, பார்த்தீரா?” கணிதக்காரரும் அதே விளக்கடியில் நின்று அதையே திருப்பிச் சொல்வார். பிரசிடெண்டுக்குத் தெரு வெளிச்சமாக இருந்தது திருப்தி. சிக்கனம் நன்றாக நடப்பதாக எங்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்ணெய்க்கு என்ன செய்தோம் என்று கேட்கலாம். குட்டைகளில் ஊற்ற வைத்திருந்த கொசு எண்ணெய் இருந்தது. வரிசையில் அது 1-ஆ. அதை முதலாவதாகக் கேட்டவர் வாக்கியக்காரர்தான். மார்கழி பிறந்தபோது அவர் பாசுரம் சேவிக்கிற சத்தத்தைவிடக் கொசு அடிக்கிற சத்தம் தெருவில் அதிகம் கேட்டது.

அந்த மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கான சுகாதார ஏற்பாடுகளைப் பார்க்க மேலதிகாரி ஸ்ரீரங்கம் வந்தார். வந்த இடத்தில், ஏகாதசி கழிந்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ (இங்கேதான் கடிதம் வரும்), எங்கள் ஆபீஸுக்கும் சாயங்காலம் வந்துவிட்டார். வயது குறைந்தவர். 1-அ, 1-ஆ வரிசையைத் திருப்பி அனுப்பியவர் இவர்தான். நிலவுப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

“ஐப்பசிலேர்ந்து உங்க ஊர்ல நிலாவே வரலையா?”

பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

“வெளியே வாங்க” என்றார் அதிகாரி.

பிரசிடெண்ட், வாக்கியக்காரர், கணிதக்காரர், நான், ஏணியோடு பாய் எல்லோரும் தெருவுக்கு வந்தோம். கிழக்கே மொட்டைக் கோபுரத்துக்கு இடதுபுறம் முழு நிலா எழும்பி நின்றது. அத்தனை பெரிய நிலாவை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“அது என்ன பாய்?”

“எனக்குத் தெரியுதுங்க எசமான். தீர்மானப்படி ரெண்டு சாட்சி வேணும்.” விளையாட்டு முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அன்று சாட்சி தேறிவிட்டால், தைக்குள் அவர் சாமான் சட்டி வண்டியில் வையம்பட்டிக்குப் போகும்.

“பௌர்ணமி நேத்தே ஆயிடுத்து” என்றார் வாக்கியக்காரர்.

“இன்னிக்குத்தான் காணும். நாளைக்குக் காலமே வரைக்கும் இருக்கு.”

“அவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும்” என்றார் அதிகாரி. “நான் ஒரு சாட்சி. நான் பார்க்கறேன். குமாஸ்தா சார், நீங்க ரெண்டாவது. சொல்லுங்க, நிலா தெரியறதா?”

“எழுதுகிறவன் சாட்சி சொல்லக் கூடாதுங்க.”

“சொல்லலாம். நான் உத்தரவு குடுக்கறேன்.”

பாய் என்னைப் பார்க்கவில்லை. ஏணியின் கடைசிப் படியைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டில் துடைத்து, மடித்து, சட்டைப் பையில் போட்டேன்.

“கிட்டப்பார்வைங்க. கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியறதில்ல.”

“பையில இருக்கே?”

“ஆமாங்க. அதுவும் தெரியலை.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நிலாவைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். பிறகு, “பாய், கூலி எப்படி?” என்றார்.

“ஏத்துன ராத்திரிக்குங்க.”

“ஏத்தாத ராத்திரிக்கு?”

“அல்லா பாத்துக்குவாருன்னு பிரசிடெண்டு ஐயா சொன்னாங்க.”

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆபீஸுக்குள் போய்ப் பார்வைப் புத்தகத்தில் எழுதினார். பவுண்டில் மாடு கத்தியது, பிரசிடெண்ட் பழக்கதோஷத்தில் “மறுபடி” என்றார். எழுதியிருந்தது இவ்வளவுதான்: விளக்கேற்றுபவருக்கு ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஒரே மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியது, சாட்சி முறையை நிறுத்த வேண்டியது, குமாஸ்தா சொந்தச் செலவில் புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டியது.

தை மாதத்தில் சந்திரன் ஒழுங்காக உதித்தது. வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டுவதற்கு முன்பே பாய் வந்து, “சார், நிலா வந்துருச்சு, எழுதிக்கங்க” என்றார். ஏணியை எடுத்து வரவே இல்லை.

“சாட்சி?” என்றேன்.

“எதுக்குங்க. இவ்வளவு பெருசா இருக்கு.”

மிஞ்சிய எண்ணெய் குட்டைக்குப் போயிற்று. வாக்கியக்காரர் நிம்மதியாகத் தூங்கி, மறு கூட்டத்துக்குப் புதுப் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

அந்த மார்கழி நாளுக்கான பக்கத்தை இப்போது எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஐந்தும் இருக்கின்றன. திதிக்கு மட்டும் இரண்டு எழுதி, நடுவே கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே வானிலை எழுதுகிற இடத்தில் ‘மேகம்’ என்றிருக்கிறது. மேகம் இல்லை. இதைப் பற்றி யாராவது கடிதம் போட்டால் ஒத்துக்கொள்கிறேன்.